தவளையின் தோலும் பனாமா மலைகளும்

பனாமா நாட்டின் மேகம் தவழும் மலைக்காடுகளில், எல் கோப்பே என்னும் இடத்து ஓடைக் கரைகளில் இராக்காலந்தோறும் எழுந்துகொண்டிருந்த தவளைகளின் கோலாகலம், 2004-ஆம் ஆண்டின் இறுதியில் சில மாத காலத்துக்குள்ளாகவே பெரும்பாலும் அடங்கிவிட்டது. அந்நாசம் எதிர்பாராது நேர்ந்ததன்று. 1996-97-இல், மேற்கேயுள்ள ஃபோர்ச்சூனா வனத்தில் தவளைகள் செத்துக் கிடக்கக் கண்ட அமெரிக்க விஞ்ஞானி கேரன் லிப்ஸ் அம்மையார், மரணம் மலைத்தொடரின் வழியே கிழக்கு நோக்கி நகர்ந்து வருகிறதென்று ஊகித்து, அது வந்து சேருமுன்பே எல் கோப்பேயில் கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தார். அக்கணக்கிலிருந்த இனங்களுள் 30 அவ்விடத்தைவிட்டே மறைந்துபோயின. அவற்றுள் சில, விஞ்ஞானம் அதுவரை பெயரிட்டிராதவை.

காரணம் கைட்ரிட் வகுப்பைச் சேர்ந்த ஒரு பூஞ்சை. 1999-இல் பெயரிடப்பெற்ற இச்சூட்சும ஜீவி, ஒற்றை வாலால் நீரில் நீந்தும் வித்தணுவாகப் புறப்பட்டு, நம் நகத்துக்கும் முடிக்கும் ஆதாரமான கெராட்டின் என்னும் பொருள் செறிந்த மேல்தோலில் குடியேறி, அங்கே பெருகி, மீண்டும் வெளிப்பட்டு அடுத்த உடலைத் தேடுகிறது. தலைப்பிரட்டைக்கு அப்பொருள் வாய்ப்பகுதியில் மட்டுமே இருப்பதால், அது நோயைச் சுமந்துகொண்டே உயிர் வாழ்கிறது. தவளையாக உருமாறிய பின்னரே மடிகிறது.

தோலோடு நின்றுவிடும் நோய் உயிரை எவ்வாறு மாய்க்கும்? தவளைக்குத் தோல் வெறும் போர்வையன்று. வாயால் நீர் அருந்தாத அப்பிராணி, தோலாலேயே நீரை உட்கொண்டு, தோலாலேயே ஓரளவு சுவாசித்து, இரத்தத்திலுள்ள சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புக்களின் சமநிலையையும் அதனாலேயே காத்துக்கொள்கிறது. பூஞ்சையால் தோல் தன் தொழிலை இழக்க, அவ்வுப்புக்கள் குறைந்து, இருதயம் ஸ்தம்பித்துவிடுகிறது என்பதை 2009-இல் வெளிவந்த ஆராய்ச்சி நிலைநாட்டிற்று. உள்ளுறுப்பு எதையும் தீண்டாமலே இருதயத்தை நிறுத்தும் இவ்வியாதியைப் போன்ற கொடியதொன்றைப் பிராணி உலகில் காண்பது அரிது.

இப்பூஞ்சை 17 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் செழிப்பது. ஆகையால் உஷ்ணப் பிரதேசத்திலும், தாழ்ந்த சமவெளியைவிடக் குளிர்ந்து ஈரம் நிறைந்த மலைச்சாரல்களே அதற்கு உகந்த நிலமாயின. அதன் பூர்விகம் கிழக்காசியா என்றும், மனிதர் நடத்தும் பிராணி வர்த்தகமே அதைக் கண்டங்கள்தோறும் பரப்பியிருக்க வேண்டுமென்றும் 2018-இல் மரபணு ஆராய்ச்சி உணர்த்திற்று. நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணிகளில் 501 இனங்கள் இதனால் குன்றின, அவற்றுள் 90 இயற்கைச் சூழலில் அழிந்தன அல்லது அழிந்தனவாகக் கருதப்படுகின்றன என்பது 2019-இல் வெளியான உலகக் கணக்கு. கேடு தவளைகளோடு நிற்கவுமில்லை; எல் கோப்பேயில் இரையான தவளை குறைந்த பின் பாம்புகளும் குறைந்தன.

ஆயினும், பனாமாவின் சில ஓடைகளில், அழிந்தனவென்று கருதப்பட்ட இனங்கள் சில மீண்டும் தலைகாட்டியிருக்கின்றன. பூஞ்சையின் வீரியம் சிறிதும் தணியவில்லை. நோய்க்குத் தப்பிய தவளைகளின் தோலில் சுரக்கும் நீரே, அந்நோயை அறியாது கூண்டில் வளர்ந்தவற்றின் சுரப்பைக் காட்டிலும் வலுவாகப் பூஞ்சையைத் தடுக்கிறது.