கண்ணாடி ஜாடியும் கரியமில வாயுவும்

கோடை விடுமுறை வந்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு 'புராஜெக்ட்' கொடுத்து அனுப்பி விடுகிறார்கள். அதில் தவறாமல் இடம்பெறுவது 'கிரீன்ஹவுஸ் எஃபெக்ட்' எனப்படும் பசுமை இல்ல விளைவு. பெரும்பாலும் அப்பாக்கள் கையால்தான் அது முடிகிறது என்பது வேறு விஷயம்!

வழக்கமான சோதனை எளிது. ஒரே அளவில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் (காலி ஹார்லிக்ஸ் பாட்டில் போதும்), அடியில் கறுப்பு மண், ஒவ்வொன்றிலும் ஒரு தெர்மாமீட்டர். ஒன்றை மூடி, மற்றதைத் திறந்தபடி மொட்டை மாடி வெயிலில் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து வந்தால், அரை மணியில் மூடிய ஜாடி முந்திவிடும். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. 42 டிகிரியோடு அது நின்றுவிடும்.

சென்ற வைகாசியில் எங்கள் மாடியில் நாலைந்து பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, "மாமா, சூடான காத்து வெளியே போக முடியல, அதனாலதானே சுடுது? பூமிக்கு ஏது மூடி?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

பிறகு புரட்டிப் பார்த்ததில், அவள் பக்கம்தான் நியாயம்! 1909-இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியல் அறிஞர் இரண்டு பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றதை வெப்பக் கதிர்களைத் தடுக்காத பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் சூடேறின. ஆக, ஜாடியில் பெரும்பாலும் நாம் பார்ப்பது காற்று அடைபட்ட சூடுதான். சமையல் சோடாவும் வினிகரும் கலந்து பாட்டிலில் கரியமில வாயு நிரப்பும் சோதனையிலும் இதே போன்ற குழப்பம் உண்டு.

அப்படியானால் எதைக் காட்டுவது? வீட்டு இஸ்திரிப் பெட்டியே போதும். சூடாக்கி நிமிர்த்தி வைத்து, அதற்கு நேரே, ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டச் சொல்லுங்கள். கை சுடும். நடுவே ஒரு கண்ணாடித் தகட்டை (விளிம்பில் டேப் ஒட்டி, பெரியவர்தான் பிடிக்க வேண்டும்) நுழைத்தால் சூடு சட்டென்று மறையும். ஆனால் அதே கண்ணாடி வழியே இஸ்திரிப் பெட்டி நன்றாகவே தெரிகிறது. ஒளி வருகிறது, வெப்பக் கதிர் வரவில்லை. கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பாலிதீன் தாளைப் பிடித்தால் சூடு பெரும்பாலும் கடந்து வந்துவிடும். இன்னும் சற்று நேரம் கண்ணாடியைப் பிடித்திருந்தால், அதுவே சூடேறி இரு பக்கமும் வெப்பத்தை வீசத் தொடங்கும். கரியமில வாயுவும் நீராவியும் ஆகாயத்தில் செய்வது இதைத்தான். தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை வாங்கி, ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்புகின்றன. இந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 15 டிகிரிக்குப் பதில் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்கும்.

1856-இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட், கண்ணாடிக் குழாய்களையும் தெர்மாமீட்டரையும் வைத்தே, வெயிலில் கரியமில வாயு அதிகம் சூடேறுவதையும் மெதுவாக ஆறுவதையும் கண்டார். வெப்பக் கதிரைத் தனியே பிரித்து அளந்தவர் ஜான் டிண்டால், 1859-இல்.

நம்மவர் ஒருவரையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், செகந்திராபாதில் குளிர்சாதனப் பெட்டித் தொழிலில் வேலை பார்த்தவர். அந்தப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுவின் ஒவ்வொரு மூலக்கூறும் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று 1975-இல் உலகுக்குச் சொன்னவர் அவர்தான்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 10 லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கைச்சோதனைகளில் ஆர்வம் வந்துவிட்டால், குருசதய் சாலையில் 1959 முதல் இருக்கும் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கும், 1997-இல் திறந்த சயன்ஸ் சிட்டிக்கும் அழைத்துப் போங்கள்.

கடைசியாக இரண்டு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். ஒன்றில் ஐஸ் கட்டியை மிதக்க விட்டோம். மற்றதில் தண்ணீருக்கு மேலே தலைநீட்டிய கல்லின்மீது வைத்தோம். பேனாவால் மட்டம் குறித்தாயிற்று. உருகியபின், மிதந்த ஐஸ் மட்டத்தை உயர்த்தவில்லை. கல்லின்மேல் இருந்தது உயர்த்திவிட்டது. கிரீன்லாந்துப் பனி கல்லின்மேல் இருக்கும் பனி என்றேன். சாகர் தீவுக்கு அருகே கோராமாரா தீவு மண்ணரிப்பிலும் கடல் ஏற்றத்திலும் சுருங்கி வருவதையும், 2009-இல் ஐலா புயலில் சுந்தரவனத்துக் கரைகள் உடைந்து வயலில் உப்பு நீர் ஏறியதையும் சொன்னேன்.

அந்தப் பெண் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் தினமும் கேனிங் லோக்கலில் வந்து போகிறவர். "மாஷி ஊர்ல கரை எவ்வளவு உயரம், மாமா?" என்றாள். அவரிடமே கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.