குருதியின் பாதுகாப்பில் உங்கள் பங்கு

பணம் பெற்றுக் குருதி வழங்குவது, உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின் விளைவாக, 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே, கொடையாளர்களையே நாம் முழுமையாகச் சார்ந்திருக்கிறோம்.

கொடையாகப் பெறும் குருதியில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தும் பரிசோதிக்கப்படுகின்றன. ஆயினும், அண்மையில் தொற்றிய கிருமி சில காலம் பரிசோதனைக்குப் புலப்படாமல் இருக்கக்கூடும். அந்நிலையில் நோயாளியைக் காப்பது, கொடையாளர் மறைக்காமல் கூறும் பதிலே. வற்புறுத்தி அழைத்து வரப்படும் உறவினர், உண்மையைச் சொல்லத் தயங்கலாம். எனவே, எவரையும் கட்டாயப்படுத்த வேண்டாம் என வேண்டுகிறோம்.

தட்டணுக்களை 5 நாட்களுக்கு மேல் சேமிக்க இயலாது. ஆதலால், நெருக்கடியில் திரளும் கூட்டத்தைவிட, ஆண்டு முழுவதும் சீராக வரும் கொடையாளரே பெருந்துணை. தகுதியுள்ள ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் குருதி வழங்கலாம்.

இறுதிக் காவல் படுக்கையருகே உள்ளது. குருதி ஏற்றுமுன் செவிலியர் பெயரையும் குருதி வகையையும் மீண்டும் கேட்டால் சலிப்படையாதீர்கள். முழுப் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். தவறான வகைக் குருதி உயிருக்கே ஆபத்தாகும்.

ஏற்றும்போது குளிர்நடுக்கம், காய்ச்சல், மூச்சுத்திணறல், முதுகுவலி, தோலில் தடிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திராமல் செவிலியரை அழையுங்கள். பெரும்பாலும் அதை முதலில் உணர்பவர் நோயாளி. முதலில் காண்பவர் உடனிருக்கும் நீங்கள்.