நல்ல குணம் இருந்தால் மன நோய் வராதா?

சுவர் இதழில் காய்ச்சல், கொசு, ரத்த சோகை பற்றியெல்லாம் எழுதியாச்சு. இந்தத் தடவை நான் மனசைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் பெரியம்மா நூல் மில்லில் வேலை பார்ப்பவர். தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். போன வருஷம் ஆடிக்கு அப்புறம் ஆளே மாறிவிட்டார். விடிகாலை 3 மணிக்கே முழிப்பார், அதற்குப் பிறகு தூக்கம் வராது. சோறு பிடிக்காது. ஏதாவது கேட்டால் எரிந்து விழுவார். வேலைக்கும் போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "நல்ல மனசு இருந்தா இதெல்லாம் ஏன் வருது? எல்லாம் திமிர்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல குணத்துக்கும் மன நலத்துக்கும் என்னதான் சம்பந்தம் என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். நூலகத்திலும் தேடிப் படித்தேன்.

சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் பீட்டர்சன், செலிக்மன் என்ற 2 மனவியல் அறிஞர்கள், உலகத்தில் எல்லா ஊர்க்காரர்களும் மதிக்கும் 24 நல்ல குணங்களைப் பட்டியல் போட்டு 2004-இல் பெரிய புத்தகமாக வெளியிட்டார்கள். அதே வருஷம் நான்சி பார்க் என்பவரோடு சேர்ந்து 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் கேள்விகள் கேட்டுப் பார்த்தார்கள். நம்பிக்கை, உற்சாகம், நன்றி உணர்வு, தெரிந்துகொள்ளும் ஆவல், அன்பு இந்த ஐந்தும் அதிகம் உள்ளவர்கள்தான் தங்கள் வாழ்க்கையில் அதிக நிறைவோடு இருந்தார்கள். அடக்கத்துக்கும் மன நிறைவுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லையாம்! இதை நான் எங்க பாட்டிகிட்ட இன்னும் சொல்லலை.

2003-இல் இன்னொரு ஆராய்ச்சி. கல்லூரி மாணவர்களில் சிலரை, நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களை வாரம் ஒரு முறை எழுதச் சொன்னார்கள். வேறு சிலரை எரிச்சலூட்டிய விஷயங்களை எழுதச் சொன்னார்கள். 10 வாரம் கழித்துப் பார்த்தால், நன்றியை எழுதியவர்களுக்குத்தான் வாழ்க்கை நன்றாகப் போவதாகத் தோன்றியது. நானும் எங்க அம்மாவை எழுதச் சொன்னேன். "இன்னைக்கு கரண்ட் போகலை" என்று ஒரே வரி எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நம்ம ஊர்ப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. மதுரை ரோட்டில் போகும்போது காந்திகிராமம் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடங்கியவர் டாக்டர் சௌந்தரம் அம்மா. டி.வி.எஸ். கம்பெனியை ஆரம்பித்த சுந்தரம் ஐயங்காரின் மகள். 1904-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம், இளம் வயதிலேயே கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்தில் அப்படி ஆன பெண்களை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். இவர் டெல்லிக்குப் போய்ப் படித்து 1936-இல் டாக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 32. 1940-இல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி, பள்ளி, ஆதரவு இல்லாத குழந்தைகளுக்கு இல்லம் என்று அது வளர்ந்தது. நம்பிக்கை, அன்பு, கற்கும் ஆவல் எல்லாம் அவரிடம் இருந்தது. ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவரைப் படிக்க வைக்க அப்பா இருந்தார், பணம் இருந்தது. அது இல்லாமல் குணம் மட்டும் இருந்து எத்தனை பேர் மூலையிலேயே இருந்தார்களோ?

டீச்சர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இரண்டு விஷயம் சேர்ந்து இருக்கிறது என்பதற்காக, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நம்பிக்கை இருப்பதால் மனசு நன்றாக இருக்கலாம். மனசு நன்றாக இருப்பதால் நம்பிக்கை வரலாம். மனச்சோர்வு நோய் வந்தால் அது முதலில் பிடுங்குவதே உற்சாகத்தையும் நம்பிக்கையையும்தானாம். சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு குணமே கெட்டுப்போன மாதிரி தெரியும். நாகல்நகரில் செய்த நல்ல பூட்டுக்கும் மழையில் கிடந்தால் துரு ஏறும், சாவி திரும்பாது. அதுக்காக பூட்டு செஞ்சது சரியில்லைன்னு யாராவது சொல்வாங்களா?

நல்ல குணம் உதவும்தான். அன்பாகப் பழகியவர்களுக்குத் துன்பம் வரும்போது பேச ஆள் இருக்கும். நம்பிக்கை உள்ளவர் உதவி கேட்கத் தயங்கமாட்டார். ஆனால் சோகமோ எதிலும் பிடிப்பு இல்லாததோ 2 வாரத்துக்கு மேல் போய், தூக்கமும் பசியும் கெட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் பார்ப்பார். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாள் அன்று மத்திய அரசு தொடங்கியது இது.

பெரியம்மாவை பெரியப்பாதான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மாத்திரை போட்ட முதல் 2 வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. "நிறுத்திரலாமா" என்று கேட்டார். டாக்டர், "இது மெதுவாகத்தான் வேலை செய்யும், நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார். தைப்பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டார். இப்போது மறுபடி மில்லுக்குப் போகிறார், மாத்திரையும் சாப்பிடுகிறார். போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு வளைகாப்பு. கலவை சாதம் கிண்ட முதல் ஆளாகப் போனது எங்க பெரியம்மாதான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி