கூண்டுக் குஞ்சுகளின் கருமை

இங்கிலாந்தின் செல்போண் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பேட் வைற் பாதிரியார், 1789ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது இயற்கை வரலாற்று நூலிலே, ஒரு கூண்டுக் குருவியின் செய்தியைக் கூறுகின்றார். அது புல்பிஞ்ச் என்னும் இனத்துச் சேவல், செந்நிற மார்புடையது. நிறம் முற்றிய பின்னரே வயலிற் பிடிக்கப்பட்ட அப்பறவை, ஓராண்டளவில் மங்கத் தொடங்கி, ஆண்டுக்காண்டு கறுத்து, நான்காம் ஆண்டின் இறுதியிற் கரிபோலாயிற்று. அதன் முதன்மையான தீனி கஞ்சா விதை. (அவ்விதை வெறியூட்டுவதன்று, கூண்டுக் குருவிகளுக்கு இடப்படும் வழமையான உணவே.) உணவே நிறத்தை மாற்றிற்றென வைற் முடிவு செய்தார். முடிவு பொருந்துவதாயினும் சான்று போதாது. கண்டது ஒரு பறவை, உணவை மாற்றிப் பார்த்ததாகவும் செய்தியில்லை.

இக்காலத்திற் பிஞ்ச் குருவிகளை வளர்ப்போரும் இதே ஐயத்தை எதிர்நோக்குகின்றனர். அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சீபிரா பிஞ்ச் குருவிகளின் கூண்டிலே, சாம்பல் கலந்த கபில நிறமாய் வெளிவரவேண்டிய குஞ்சுகளுள் ஒன்றிரண்டு உடல் கறுத்துத் தோன்றுவதுண்டு. புதிய வகை கிடைத்ததென மகிழ்ந்து ஒருவர் அதனை இனப்பெருக்கத்துக்கென ஒதுக்குவர். நோய்க்குஞ்சென அஞ்சி இன்னொருவர் ஒழித்துவிடுவர். இருவரும் அவசரப்படுகின்றனர் என்பதே எம் கருத்து. அலகின் கருமையை இங்குச் சேர்த்தெண்ணலாகாது. கூட்டைவிட்டு வெளிவரும் சீபிராக் குஞ்சுகளின் அலகு இயல்பாகவே கறுப்பு. சில வாரங்களில் அது செம்மஞ்சளாகும்.

இறகு எவ்வாறு நிறம் பெறுகின்றது? கறுப்பையும் கபிலத்தையும் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். தைரொசின் என்னும் அமினோவமிலத்திலிருந்து நிறக்கலங்கள் இதனை ஆக்கி, வளரும் இறகின் கலங்களுக்குள் மணிமணியாகச் செலுத்துகின்றன. வளர்ச்சி முடிந்ததும் குருதியோட்டம் நின்று, எமது நகத்தின் நுனியைப்போல இறகு உயிரற்றதாகிவிடுகின்றது. அதன்பின் உடலிலிருந்து மெலனின் அதனுட் புகமுடியாது. ஆகவே இறகின் கருமை பறவையின் இன்றைய நிலையைக் காட்டுவதன்று. அவ்விறகு முளைத்த நாட்களின் நிலையைக் காட்டுவது. வைற் கூறிய குருவி ஒரே நாளிற் கறுக்காமல் ஆண்டுக்காண்டு கறுத்தமைக்கும், அஃது ஆண்டுதோறும் இறகுதிர்த்துப் புதிய இறகு பூண்டமையே காரணமெனலாம். குஞ்சின் முதலிறகுகளோ பெரும்பாலும் கூட்டினுள்ளே, ஏறத்தாழ மூன்று வாரங்களுள், பெற்றோர் ஊட்டிய உணவைக்கொண்டே வளர்வன. அவ்வுணவிலுள்ள குறை உடலெங்கும் ஒருங்கே வெளிப்படலாம்.

செந்நிறக் கோழியினங்களின் குஞ்சுகளுக்கு விற்றமின் டீ குறையின் இறகிலே இயல்பற்ற கறுப்புத் தோன்றுமென்பது 1940களிலேயே கண்டறியப்பட்டது. உலர்ந்த தானியத்தில் அவ்விற்றமின் இல்லையென்றே சொல்லலாம். சூரியவொளியின் புறவூதாக் கதிர்களால் அஃது உடலில் உண்டாகும். ஆனாற் சாளரக் கண்ணாடி அக்கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடும். ஆதலால், "வெளிச்சமான அறையிலேதான் வைத்திருந்தேன்" என்பது விடையாகாது. மீனெண்ணெயை அளவின்றி ஊட்டுதலுந் தவறு. விற்றமின் டீ மிகுந்தாற் சிறுநீரகங் கெடும்.

இனி, எல்லாக் கருமையுங் குறையால் வருவதன்று. வடஅவுஸ்திரேலியாவின் கூல்டியன் பிஞ்ச் குருவிகளுட் பெரும்பான்மையானவை கருந்தலையுடையன. அது பரம்பரையால் வரும் நிறம். சீபிராக் குருவிகளிலும் கருமார்பு, கருங்கன்னம் முதலிய பரம்பரை வகைகள் கூண்டுகளில் உள.

இவ்விரண்டையும் பிரித்தறியப் பொறுமை வேண்டும். குஞ்சுக்கு நேர்வெயிலும் நிழலும் கிடைக்கச் செய்து, அவித்த முட்டையும் பசுங்கீரையுங் கொடுத்து, அதன் முதல் இறகுதிர்வு முடியும்வரை, அஃதாவது ஏறத்தாழ மூன்று மாதம், காத்திருத்தல் வேண்டும். புதிய இறகு இயல்பான நிறத்துடன் வருமாயின் கருமை பரம்பரையானதன்று எனக் கருதலாம். எக்குறை நீங்கியதென்பதை மட்டும் அது சொல்லாது. வெயிலையும் உணவையும் ஒருங்கே திருத்தினோமல்லவா? கருமை நீங்காதாயின் அப்பறவையை இயல்பான நிறத்துப் பறவையோடு இணைத்துப் பார்க்கலாம். குஞ்சுகளெல்லாம் இயல்பாயிருந்தாலும் கைவிடலாகாது. கருமை பின்னடைவான பண்பாயின், அக்குஞ்சுகளுள் ஒன்றைக் கரும்பெற்றோருடன் மீண்டும் இணைக்கும்போது ஏறத்தாழப் பாதிக் குஞ்சுகள் கறுத்துப் பிறக்கும். ஒரு கூட்டில் நான்கைந்து குஞ்சுகளே பொரிப்பதனால், பல கூடுகளை எண்ணிக் குறித்தாலன்றி அக்கணக்குப் புலப்படாது.