தாயாகுமுன் எழும் தாய்ப்பால் ஐயங்கள்

போச்சம்பள்ளியிலோ ஓசூரிலோ ஆலைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தில் பேருந்துகளைக் கவனியுங்கள். இருபது வயதை ஒட்டிய இளம் பெண்கள் பலர் இறங்குவார்கள். போச்சம்பள்ளியில் அமைந்த மின் ஸ்கூட்டர் ஆலை முழுவதும் பெண்களைக் கொண்டே இயங்கும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. இவர்களுள் பலர் மணமாகாதவர்கள். தாய்ப்பாலைப் பற்றி இவர்களுக்கு இப்போது என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் பெண்களில் பலர் இதில் கருவுறுவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் என்று ஆய்வுகள் கூறுகின்றன.

மனப்பான்மையை அளக்க முடியுமா? 1999இல் அமெரிக்காவில் வெளியான 'அயோவா அளவுகோல்' இதற்கெனவே அமைந்தது. அதில் 17 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 17க்கு அருகில் இருந்தால் புட்டிப்பால் பக்கம் சாய்வு; 85க்கு அருகில் இருந்தால் தாய்ப்பால் பக்கம்.

கூட்டுக் குடும்பத்தில் அக்காளும் அண்ணியும் பாலூட்டுவதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு ஐயம் குறைவு. விடுதியில் வாழும் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே சில ஐயங்களை ஆராய்வோம்.

அழகு கெடுமா? மார்பகம் தளர்வதற்குக் காரணம் வயது, கருவுற்ற தடவைகள், புகைபிடித்தல் போன்றவை. பாலூட்டுதல் அன்று என 2008இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது.

சிறிய மார்பில் பால் போதுமா? பருமனைத் தருவது பெரும்பாலும் கொழுப்பு. பாலைச் சுரப்பவை சுரப்பித் திசுக்கள். குழந்தை சப்பும்போது ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் சுரந்து, பால் நுண்ணறைகளைப் பிழிகிறது. குழந்தை நாக்கைத் தாழ்த்தும்போது வாயினுள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், வாயினுள் அது ஏறத்தாழ 150 குறைவு. இந்த அழுத்த வேறுபாட்டால் பால் பாய்கிறது. பால் வெளியேற வெளியேற மேலும் சுரக்கிறது. எனவே அடிக்கடி ஊட்டுவதே பாலைப் பெருக்கும் வழி.

வேலை என்னாகும்? முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும்; அதில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீராதலால் கோடையிலும் தனியே தண்ணீர் வேண்டியதில்லை. 2017இல் வந்த சட்டத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்புக்கு வழி செய்தது. அதில் 8 வாரங்களைப் பேறுக்கு முன்பே எடுத்தால், பின்னர் எஞ்சுவது 18 வாரங்களே. ஆறு மாதம் நிறைய இன்னும் 8 வாரங்கள் வேண்டும். இந்த இடைவெளியில்தான் பல குழந்தைகள் புட்டிக்கு மாறுகின்றன.

50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே செல்லலாம் என்றும் சட்டம் கூறுகிறது. பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்தால் 25 டிகிரி வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாட்களும் கெடாது.

வேலையில் சேரும் பெண்ணே, சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே காப்பகம் எங்கே என்றும் கேட்டு வையுங்கள். உங்களுக்கு இன்று தேவையில்லாவிட்டாலும், பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் தோழிக்குத் தேவைப்படலாம்.