வானத்தை நம்பிய ஐந்து வாரங்கள்



வீட்டில் ஒருவரேனும் வெளிநாட்டில் பணிபுரியாத குடும்பம் இன்று நம் பங்குகளில் அரிதாகி வருகின்றது. மாலை ஜெபம் முடிந்ததும் கைப்பேசியில் மகனின் முகத்தைக் கண்டு இரண்டு வார்த்தை பேசிய பின்னரே உணவில் கை வைக்கும் தாய்மார்களை நாம் அறிவோம். நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில் வீட்டுக் கடிதம் வாரக்கணக்கில் வராவிட்டாலும் ஒருவரும் கலங்கியதில்லை. இன்றோ, அனுப்பிய செய்திக்கு ஒரு மணி நேரம் பதில் இல்லையெனில் மனம் பதறுகின்றது. ஒரு நாடு முழுவதிலிருந்தும் நாள் கணக்கில் பதில் வராது போனால் எவ்விதமிருக்கும்? 2022-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள், பசிபிக் பெருங்கடலிலுள்ள டோங்கா நாட்டிற்கு அதுவே நேர்ந்தது.

டோங்கா சிறிய நாடு. 170-க்கும் மேற்பட்ட தீவுகளில் ஏறக்குறைய 36-இல் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். மக்கள் தொகை ஓர் இலட்சமளவு. பிழைப்பை நாடி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்ற டோங்கர் மிகப் பலர். அவர்கள் அனுப்பும் பணமே அங்குள்ள குடும்பங்களுக்குப் பெருந்துணை. அந்தச் சனிக்கிழமை மாலை, தலைநகர் நுக்குவாலோபாவிற்கு வடக்கே ஏறக்குறைய 65 கிலோ மீட்டர் தொலைவில், கடலுக்குள்ளிருந்த எரிமலை வெடித்தது. சாம்பல் வானை மூடிற்று. கடல் பொங்கிக் கரையேறிற்று. அத்துடன் வெளியுலகத் தொடர்பும் அறுந்தது. ஆக்லாந்து நகரில் இருந்த பிள்ளைகள் பெற்றோரைத் திரும்பத் திரும்ப அழைத்தனர். மறுமுனையில் மௌனம். வீடு உண்டா, தாய் தந்தையர் உயிரோடு உளரா என்று சொல்வார் ஒருவருமில்லை.

கைப்பேசி காற்றின் வழியே பேசும் கருவி ஆயிற்றே, கடலடியில் வடம் அறுந்தால் அதற்கென்ன என்று சிலர் வினவக்கூடும். கைப்பேசியின் அலை கண்ணுக்கெட்டும் கோபுரம் வரையில்தான் செல்லும். கரையைவிட்டுச் சற்றுத் தொலைவு சென்றால் அது பேசாப் பொருள். 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த மீனவரை எச்சரிக்கவும் இயலாமல், அவர் குரலைக் கேட்கவும் இயலாமல், குமரிக் கடலோரக் குடும்பங்கள் தவித்தது இக்காரணத்தினாலேயே. கோபுரத்தை அடைந்த குரல் அதற்கப்பால் வேறொரு வழியைப் பற்றிக்கொண்டே வெளியுலகம் செல்ல வேண்டும். டோங்காவிற்கு அமைந்த பெருவழி ஒன்றே ஒன்று: பீஜித் தீவின் சுவா நகர் வரை 827 கிலோ மீட்டர் நீளத்திற்குக் கடலடியில் கிடந்த வடம். தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாகச் செய்தி ஓடும் அவ்வடம் 2013-ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. எரிமலையின் சீற்றம் அதனைத் துண்டாடிற்று. வடக்கேயுள்ள ஹாப்பாய், வாவாவு தீவுக் கூட்டங்களைத் தலைநகரோடு இணைத்த உள்நாட்டு வடமும் அத்துடன் அறுந்தது.

கடல்வழி அடைபட்டால் எஞ்சுவது வானவழியே. கோபுரங்களிலிருந்து வரும் பேச்சையும் இணையச் செய்தியையும் ஒரு பெரிய வட்டில் ஆண்டெனாவிற்குக் கொண்டு சேர்த்தால், அது செயற்கைக் கோளை நோக்கி அனுப்பும். கோள் அதனை வாங்கி வேறொரு நாட்டின் தரைநிலையத்தில் இறக்கிவிடும். கைப்பேசி வைத்திருப்பவருக்குக் கருவியும் பழையதே, எண்ணும் பழையதே. பூமி சுழலும் வேகத்திற்கு ஒத்துச் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும் கோள்களைச் செய்திப் போக்குவரத்திற்குப் பயன்படுத்தலாம் என்று 1945-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஆர்தர் கிளார்க் எனும் ஆங்கிலேயர். பிற்காலத்தில் இலங்கையையே தம் இல்லமாகக் கொண்டு 2008-இல் அங்கேயே மறைந்தார்.

அக்கோள்கள் நிற்கும் உயரம் 35,786 கிலோ மீட்டர். ஒளியின் வேகத்தில் விரையும் அலையும் அவ்வளவு தொலைவு ஏறி இறங்கக் கால் நொடி ஆகும். கேட்ட கேள்விக்குப் பதில் வந்து சேர அரை நொடி. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவர்; பின் இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திக் காத்திருப்பர். (இது சில தம்பதியரிடையே செயற்கைக் கோளின் உதவியின்றியே நடைபெறுவதுண்டு!) இணையத்திற்கு இந்த அரை நொடி இன்னும் பெரிய இடையூறு. இணையம் செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பி, கிடைத்தது என்ற ஒப்புதலை எதிர்பார்ப்பது. ஒப்புதல் தாமதித்தால், வழியில் நெரிசல் போலும் என்று எண்ணித் தன் நடையைத் தளர்த்திக்கொள்ளும். ஆகவே பொறியியலார் தரைநிலையத்திலேயே ஒரு கருவியை வைத்து, பெறுபவருக்குப் பதிலாக அதுவே உடனுக்குடன் ஒப்பமிட ஏற்பாடு செய்கின்றனர்; நம் ஊர்த் தபால்காரர் அடுத்த வீட்டாரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு கடிதத்தைக் கொடுத்துச் செல்வது போல என்று வைத்துக்கொள்வோமாக. உயர்ந்த அலைவரிசைகளுக்கு மழையும் பகை. அடர்ந்த மழை அலையை விழுங்கிவிடும். டோங்காவில் ஜனவரி மழைக் காலம். அதற்கு மேல் எரிமலைச் சாம்பல் வேறு.

இவை யாவற்றினும் பெரிய குறை வழியின் குறுகலே. கடலடி வடம் நெடுஞ்சாலை என்றால், செயற்கைக் கோள் வழி ஒற்றையடிப் பாதை. அப்பாதைக்கும் வாடகை அதிகம். எரிமலை வெடித்த சில நாள்களில், அங்குள்ள கைப்பேசி நிறுவனமாகிய டிஜிசெல், தென் பசிபிக் பல்கலைக் கழகத்தின் வட்டிலைப் பயன்படுத்தித் தலைமைத் தீவில் சேவையைத் தொடங்கிற்று. அது இரண்டாம் தலைமுறைச் சேவை மட்டுமே. பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம்; படங்களும் காணொளிகளும் இல்லை.

இதனைக் குறையென்று நாம் கூற மாட்டோம். ஒரு குறுஞ்செய்திக்கு 140 பைட்டுகள் போதும். பத்து இலட்சம் பைட்டுகள் கொண்ட ஒரே ஒரு புகைப்படம் செல்லும் இடத்தில், “அனைவரும் நலம், கலங்க வேண்டாம்” என்ற ஏழாயிரம் செய்திகள் செல்லக்கூடும். பாதை ஒற்றையடியாயிருக்கும்போது அகன்ற வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்போருக்கு வழிவிடுவதே நீதி. எனினும் துன்பம் முற்றும் தீர்ந்ததெனக் கொள்ளுதல் தவறு. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணம் இணையத்தின் வழியே வருவது. வீடிழந்து பணம் மிகத் தேவைப்பட்ட நாள்களிலேயே அதுவும் முடங்கிற்று.

இங்கே நம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. அதே வடம் 2019-ஆம் ஆண்டு ஜனவரியிலும் அறுந்து, நாடு ஏறக்குறைய இரு வாரங்கள் தவித்தது. அந்த அனுபவத்தின் பயனாகச் செயற்கைக் கோள் நிறுவனம் ஒன்றுடன் பதினைந்து ஆண்டு ஒப்பந்தமும் செய்யப்பட்டது. பின்னர் அதில் பணத் தகராறு எழுந்தது; எரிமலை வெடித்த நாளில் அந்த இணைப்பு பயன்பாட்டில் இல்லை. முன்னறிந்தும் தவறினரே என்று கடிந்துரைத்தல் எளிது. ஆனால் வடம் நன்றாயிருக்கும் ஆண்டுகளில் ஆளில்லாப் பாதைக்கு வாடகை கட்டுவது ஏழை நாட்டிற்கு இலேசான காரியமன்று. பள்ளிக் கட்டணத்தையும் காப்பீட்டுத் தவணையையும் ஒரே ஊதியத்தில் ஈடுகட்டும் குடும்பத் தலைவருக்கு இது புரியும். இத்தகைய சிறு தீவு நாடுகள் பல கூடி அப்பாதையைப் பொதுவில் வைத்துக்கொள்ளுதல் நன்று என்பது நம் எண்ணம்.

நெருக்கடியைக் கண்டு ஸ்டார்லிங்க் நிறுவனத்தார் ஐம்பது இணைப்புக் கருவிகளை அனுப்பினர். பீஜியில் தரைநிலையமும் அமைத்தனர். அவர்களுடைய கோள்கள் ஏறக்குறைய 550 கிலோ மீட்டர் உயரத்திலேயே பறப்பவை. ஆகையால் அரை நொடித் தாமதம் இல்லை. ஆனால் அவை ஓரிடத்தில் நில்லாமல் சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடும். ஒன்று மறையுமுன் மற்றொன்று வர வேண்டுமாதலின், ஆயிரக்கணக்கில் ஏவ வேண்டியிருக்கின்றது. கோபுரமும் வட்டிலும் இன்றிக் கோளிலிருந்து நேரே கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் முறையும் சில நாடுகளில் வழக்கத்திற்கு வந்துள்ளது. அதற்குத் திறந்த வானம் வேண்டும். வீட்டுக்குள் இருந்து பேசுதல் கடினம்.

வடத்தைச் செப்பனிட ரிலையன்ஸ் எனும் கப்பல் வந்தது. அறுந்த முனைகளைத் தேடியெடுத்துப் புதிய வடத்தை இணைத்து, பிப்ரவரி 22-ஆம் நாள் தலைமைத் தீவிற்கு இணையம் மீண்டது. நாளிதழ்களும் அத்துடன் டோங்காவை மறந்தன. ஆனால் வடக்குத் தீவுகளுக்குச் செல்லும் உள்நாட்டு வடம் சீராவதற்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. வாவாவு மக்கள் அக்காலமெல்லாம் செயற்கைக் கோளின் குறுகிய வழியையே பகிர்ந்துகொண்டனர். 2024-ஆம் ஆண்டின் நடுவில் நில அதிர்ச்சியை அடுத்து அதே உள்நாட்டு வடம் மீண்டும் பழுதுற்றது. வட்டில்கள் மறுபடியும் வானை நோக்கித் திரும்பின.