மீன்தொட்டிக்கு வாரம் ஒரு வாளி நீர் போதும்



பெங்களூரு விவேக் நகரில் வாடகை வீடுகளில் வசிக்கும் நம் குடும்பங்களில் பலருக்கு நாயோ பூனையோ வளர்க்க இடமில்லை. வீட்டுக்காரரின் அனுமதியும் கிடைப்பதில்லை. ஆகவே பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு கண்ணாடித் தொட்டியும் சில மீன்களும் வீட்டிற்கு வருகின்றன. முதல் வாரம் குடும்பமே அதன்முன் அமர்ந்திருக்கும். இரண்டாம் வாரம் நீர் கலங்கும். மூன்றாம் வாரம் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும், பிள்ளைகள் அழுவார்கள். பின்பு தொட்டி பரணில் ஏறிவிடும். "வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது" என்று பெற்றோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவு சரியானதன்று. பல வீடுகளில் தொட்டியை அளவுக்கு மீறிக் கழுவுவதே மீன்களின் சாவுக்குக் காரணமாகிறது.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் நீரில் அம்மோனியாவாக மாறுகின்றன. அது மீனுக்கு நஞ்சு. நீரில் வாழும் ஒருவகை நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை கற்களிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியிருக்கின்றன. போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாமோ மாதம் ஒருமுறை நீரை முழுவதும் கொட்டி, கற்களைத் தேய்த்து, பஞ்சைக் குழாய்நீரில் பிழிகிறோம். குளோரின் கலந்த குழாய்நீர் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறது. தொட்டி பளபளக்கிறது, மீன் சாகிறது.

ஆகவே தொடக்கத்தில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விடுங்கள். ஆறு வாரங்களுக்குப் பின் சிறிது சிறிதாக எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

லண்டனில் நடந்த ஒரு சோதனை

ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1850ஆம் ஆண்டில் தமது சோதனை ஒன்றை வெளியிட்டார். ஒரு பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கியது. அவர் நீரை மாற்றிக்கொண்டிருக்கவில்லை. சில நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன. நம் வேலையைக் குறைக்கும் வழியும் இதுவே. நாடாபோல் நீண்ட இலைகளுடைய வாலிஸ்நேரியா இன்றும் கடைகளில் கிடைக்கிறது. அது நைட்ரேட்டை உரமாக எடுத்துக்கொள்ளும்.

தொட்டியும் மீனும்

உருண்டைக் கண்ணாடிக் குடுவையை வாங்காதீர்கள். நீர் குறைவாக இருந்தால் நஞ்சு விரைவில் ஏறும், வேலையும் கூடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 55 லிட்டர் நீர் கொள்ளும். எட்டு அல்லது பத்து கப்பி மீன்களுக்கு இது போதும். கப்பி குட்டி போடும் மீன். ஆண்மீன்களை மட்டும் வாங்கினால் கூட்டம் பெருகாது. தங்கமீன் மிகுந்த கழிவை வெளியேற்றும், பெரிதாகவும் வளரும். சிறிய தொட்டிக்கு அது ஏற்றதன்று.

"சக்கர் மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அது ஓரடிக்கு மேல் வளர்ந்து, தானே அதிகக் கழிவை உண்டாக்கும். அதை ஏரியில் விடுவதோ பெருந்தவறு. நம் நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி உள்ளூர் மீன்களுக்கு இடையூறாகிறது.

வாரத்தில் அரைமணி நேரம்

1. வெள்ளிக்கிழமை இரவே ஒரு வாளி குழாய்நீரைத் திறந்து வையுங்கள். ஒருநாள் முழுவதும் நின்றால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

2. சனிக்கிழமை இரவு, பிளக்கைப் பிடுங்கியபின், ரப்பர் குழாயால் அடிக்கற்களிலுள்ள கசடோடு கால்பங்கு நீரை, அதாவது சுமார் 14 லிட்டரை, உறிஞ்சி எடுங்கள்.

3. ஃபில்டர் பஞ்சு அடைத்திருந்தால் எடுத்த அந்த நீரிலேயே மெதுவாக அலசுங்கள். பின்பு புதுநீரை ஊற்றுங்கள்.

எடுத்த நீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். பூந்தொட்டிகளுக்கு அது நல்ல உரம். 2024 மார்ச்சில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் ஏற்பட்டபோது, தோட்டத்திற்கும் வாகனம் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஒரே வாளி நீர் மீனுக்கும் செடிக்கும் உதவுமானால் அது நல்லதல்லவா?

பாசிக்கும் பசிக்கும் அளவு

சன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டியை வைத்தால் பச்சைப்பாசி படியும். விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும்; ஒரு டைமர் பொருத்தினால் அந்தக் கவலையும் இல்லை. உணவு, இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே இருக்கட்டும். பிள்ளைகள் ஆளுக்கொருமுறை போடாதபடி ஒருவரிடம் அப்பொறுப்பைக் கொடுங்கள்.

பண்டிகைக்கு வேலூருக்கோ திருநெல்வேலிக்கோ செல்லும்போது கலங்கவேண்டாம். வளர்ந்த ஆரோக்கியமான மீன்கள் ஒருவாரம் வரை உணவின்றித் தாங்கும். புறப்படுமுன் நீரை மாற்றிவிட்டுச் செல்லுங்கள். அடுத்த வீட்டாரிடம் உணவு டப்பாவைக் கொடுத்துவிட்டுச் செல்வதே அதிக ஆபத்து. அவர்கள் அன்பினால் அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

நம்மை நம்பி ஒரு கண்ணாடிக்குள் வாழும் ஜீவன்கள் அவை. தங்கள் தேவையை வாய்திறந்து கேட்க அவற்றால் இயலாது. பரணில் கிடக்கும் தொட்டியை இந்த வாரம் இறக்குங்கள். இம்முறை பொறுமையோடு தொடங்குங்கள்.